கேரல் சர்வீசில் பாட்டுக்கு முன் சொல்லும் கதைகள்: எதைச் சொல்லலாம், எதை விடலாம்?

கேள்வி இதுதான்: பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபை ஒன்றில் இந்த டிசம்பர் கீத ஆராதனையின்போது, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது பிறந்த கதையைச் சொல்லப் போகிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் கதைகளை நம்பலாமா? எதைச் சொன்னால் சரியாக இருக்கும்?

நம்ப வேண்டாம். வருகிற கதைகளில் பல ஆதாரம் இல்லாதவை. ஆராதனையில் மைக் பிடித்துச் சொல்வதைச் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் அப்படியே மனதில் வாங்கிக்கொள்வார்கள். அதனால் இதில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். உண்மைக் கதைகளே போதுமான அளவு நன்றாக இருக்கின்றன.

முதலில் எலியை விடுங்கள். 'சைலன்ட் நைட்' பிறந்ததற்குக் காரணம் கோவில் ஆர்கனின் துருத்தியை எலி கடித்ததுதான் என்பது எல்லா ஊரிலும் சொல்லப்படும் கதை. அதற்குச் சான்று எதுவும் கிடையாது. மெட்டமைத்த ஃபிரான்ஸ் சேவர் குரூபர் 1854-ல் தன் கைப்படக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அதில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை. 1818 டிசம்பர் 24 அன்று உதவிக் குரு ஜோசப் மோர் ஒரு கவிதையைக் கொடுத்து, இரண்டு குரலுக்கும் குழுவுக்கும் கிட்டாருக்கும் ஏற்ற மெட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டார், அன்றைக்கே போட்டுக் கொடுத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறார். ஊர் ஆஸ்திரியாவின் ஓபர்ண்டோர்ஃப். குரூபர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், இங்கே ஆர்கனிஸ்ட். இன்னொரு செய்தி 1995-ல்தான் தெளிவானது. மோரின் கையெழுத்துப் பிரதி கிடைத்தபோது, கவிதை 1816-லேயே எழுதப்பட்டது தெரியவந்தது. அதாவது அந்த வரிகள் இரண்டு வருஷம் மெட்டில்லாமல் காத்திருந்தன. எலியைவிட இந்தக் காத்திருப்பு நல்ல கதை.

பாட்டு பரவிய விதத்தையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஓபர்ண்டோர்ஃபுக்கு வந்துபோன ஆர்கன் ஆசாரி கார்ல் மவுராகர் அதைத் தன் ஊரான சில்லர் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பாடகக் குடும்பங்கள் நாடு நாடாகப் பாடி, 1839-ல் நியூயார்க் வரை சேர்த்தன. 1914 கிறிஸ்துமஸ் அன்று போர்முனைப் பதுங்குகுழிகளில் இரு தரப்புச் சிப்பாய்களும் பாட்டுப் பாடிச் சண்டையை நிறுத்தியதும் உண்மையே, தைரியமாகச் சொல்லலாம்.

நம் பாமாலையில், அதாவது சபையின் பாட்டுப் புத்தகத்தில், இதன் தமிழ் 'ஒப்பில்லா திரு இரா'. இந்த முதல் வரியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். 'ஸ்டில்-ல நாக்ட், ஹை-லி-க நாக்ட்' என்று ஜெர்மனில் மூன்றும் நான்குமாக அசை விழுகிறது. ஆங்கிலத்தில் 'சைலன்ட் நைட், ஹோலி நைட்', மூன்றும் மூன்றும்தான். 'ஹோ' என்ற ஓர் அசையை இரண்டு சுரத்துக்கு இழுத்தாக வேண்டும். தமிழில் 'ஒப்-பில்-லா, தி-ரு-இ-ரா'. மூன்று, நான்கு. எண்ணிக்கையில் ஜெர்மன் வரிக்கே நம் வரி நெருக்கம். ஆகவே 'திரு'வை ஒரே மூச்சில் விழுங்காமல், சுரத்துக்கு ஓர் எழுத்தாக 'தி', 'ரு' என்று பிரித்துப் பாட வையுங்கள். வரி தானாகத் தாலாட்டாகிவிடும்.

சபை சிரமப்படுவது சுதியில். குரூபர் போட்டது டி மேஜர், அதாவது இரண்டு கட்டை. அதில் தொடங்கினால் ஐந்தாம் வரியில் மேல் ஜி வரை ஏற வேண்டும். நன்கு பாடும் பெண் குரல் தொடும், மற்றவர்கள் பாதியில் வாயை மூடிவிடுவார்கள். பி ஃப்ளாட்டில், ஆறரைக் கட்டையில் வைத்தால் உச்சம் ஈ ஃப்ளாட்டோடு நின்றுவிடும். கீபோர்டில் 'சி'யில் வாசித்துப் பழகியவர் சுதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை மைனஸ் 2-க்குக் கொண்டுவந்தால் போதும். ஆட்டோ ரிதம் கண்டிப்பாக வேண்டாம். முதல் சரணத்தை மட்டும் ஒரு டெனார் (ஆணின் மேல் குரல்), ஒரு பேஸ் (ஆணின் கீழ்க் குரல்), ஒரு கிட்டார் என்று பாடி, கடைசி வரியைக் கொயர் திருப்பிச் சொல்லட்டும். 1818-ல் பாடிய முறை அதுதான்: மோர் டெனாரும் கிட்டாரும், குரூபர் பேஸ்.

அடுத்து 'கேள்! ஜென்மித்த ராயர்க்கே', ஆங்கிலத்தில் 'ஹார்க்! த ஹெரல்டு ஏஞ்சல்ஸ் சிங்'. இதன் கதை ஒரு நிமிடத்தில் முடியும், சபையும் நிமிர்ந்து உட்காரும். சார்லஸ் வெஸ்லி 1739-ல் எழுதியபோது முதல் வரியில் தூதர்களே இல்லை. 'வானமெல்லாம் முழங்குகிறது கேள்' என்பதுதான் பொருள். அதை மாற்றி 'ஹெரல்டு ஏஞ்சல்ஸ்' என்று தூதர்களைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் விட்ஃபீல்டு, 1753-ல். மெட்டு வேறு இடத்திலிருந்து வந்தது. கூட்டன்பர்க்கின் அச்சுக்கலைக்கு 400 ஆண்டு நிறைவு என்று 1840-ல் லைப்சிக் நகரில் விழா எடுத்தார்கள். அதற்காக ஆண்கள் குழுவும் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்து முழங்க மெண்டெல்ஸன் எழுதிய பாட்டில் ஒரு பகுதிதான் இந்த மெட்டு. வேறு சொல் போட்டுப் பாடலாம், ஆனால் பக்திப் பாட்டுக்கு இது ஒருநாளும் பொருந்தாது என்று அவரே கடிதத்தில் எழுதினார். வில்லியம் கம்மிங்ஸ் என்ற ஆர்கனிஸ்ட் 1855-ல் இரண்டையும் சேர்த்தார். அப்போது வெஸ்லியும் இல்லை, மெண்டெல்ஸனும் இல்லை. வெஸ்லியின் சரணம் நான்கு வரி, மெட்டு அதைவிட நீளம். அதனால்தான் இரண்டு சரணத்தை ஒன்றாகக் கட்டி, முதல் இரண்டு வரியைக் கடைசியில் மறுபடி பாடுகிறோம்.

அச்சுக்காகப் பிறந்த மெட்டு என்பதை நெல்லைச் சீமையில் சொல்ல நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் 1586-லேயே அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' தமிழில் அச்சேறிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால் லைப்சிக் தூரத்து ஊராகத் தெரியாது.

'ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்' பற்றி எழுத எனக்குத் தனி ஆசை. நேகம் டேட் எழுதிய ஆங்கில மூலம் 1700-ல் அச்சானது. வழக்கமான மெட்டு அதைவிடப் பழையது, பைபிளின் சங்கீதங்களைப் பாட்டாக்கி 1592-ல் வந்த புத்தகத்தில் இருப்பது. எழுத்தும் மெட்டும் இப்படித் தனித்தனியாக வந்து சேர முடிவதற்குக் காரணம் அசைக் கணக்கு: வரிக்கு 8, 6, 8, 6. தமிழாக்கியவர் அந்தக் கணக்கைக் கைவிடவில்லை. 'ராக்-கா-லம் பெத்-லேம் மேய்ப்-பர்-கள்' என்று விரல் விட்டு எண்ணுங்கள், எட்டு. 'தம் மந்-தை காத்-த-னர்', ஆறு.

இதே அளவில் உள்ளதுதான் 'ஜாய் டு த வேர்ல்டு'. அதன் முதல் வரியில் மேல் சட்ஜத்திலிருந்து கீழ் சட்ஜம் வரை எட்டுச் சுரமும் வரிசையாக இறங்குகின்றன: ச நி த ப ம க ரி ச. நம் ஊர்க் காதுக்கு அது அப்படியே சங்கராபரண அவரோகணம். 'ராக்காலம்' சொற்களை அந்த மெட்டில் வைத்துப் பாருங்கள், முதல் வரி அசைக்கு ஒரு சுரமாக உட்காரும். கொயர் பயிற்சியில் பிள்ளைகளுக்கு அசைக் கணக்கைப் புரியவைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஒன்றில் மட்டும் கவனம்: நான்காம் வரியை அந்த மெட்டு திரும்பத் திரும்பப் பாடச் சொல்லும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிக்காமல் விட்டால் சபை அங்கேதான் தடுமாறும்.

'ஜாய் டு த வேர்ல்டு' பாட்டின் கதை கிறிஸ்துமஸ் கதையே அல்ல. ஐசக் வாட்ஸ் 1719-ல் பைபிளின் 98-ம் சங்கீதத்தைப் பாட்டாக்கினார். பொருள் ஆண்டவர் ராஜாவாக வருகிற நாள். மாட்டுத் தொழுவமோ மேய்ப்பரோ அதில் கிடையாது. மெட்டு ஹாண்டலுடையது என்று பழைய புத்தகங்களில் அச்சிட்டிருந்தாலும், இன்றுள்ள வடிவம் அமெரிக்கரான லோவெல் மேசன் 1830-களில் அமைத்தது. ஹாண்டலின் 'மேசியா' என்ற இசைப் படைப்பின் சில துணுக்குகளின் சாயல் உண்டு, அவ்வளவே.

'அவே இன் எ மேஞ்சர்' மார்ட்டின் லூத்தர் தன் பிள்ளைக்குப் பாடிய தாலாட்டு என்பதையும் விட்டுவிடுங்கள். 1880-களில் அமெரிக்காவில் அச்சான பாட்டு அது, ஜெர்மன் மூலம் கிடையாது. இதில் நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. 1887-ல் வந்தது, 1895-ல் வந்தது என்று இரண்டு மெட்டு புழக்கத்தில் இருக்கின்றன. முந்தியது மேலிருந்து இறங்கும், பிந்தியது கீழிருந்து ஏறும். இரண்டும் மூன்று தட்டுத் தாளம். எது என்று கீபோர்டு வாசிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவர் ஒன்று, கொயர் ஒன்று என்று போகும்.

'பன்னிரண்டு நாள்' ('ட்வெல்வ் டேஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்') பாட்டில் வரும் ஒவ்வொரு பரிசும் ஒரு குறியீடு, அது கத்தோலிக்கர் ஒளித்துவைத்த ஞானோபதேசம் என்ற கதை அடிக்கடி வரும். பாட்டு லண்டனில் அச்சானது சுமார் 1780. இந்த விளக்கம் எழுதப்பட்டதோ 20-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். அந்தக் குறியீடுகளாகச் சொல்லப்படும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, பத்துக் கட்டளை எல்லாம் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரு சபைக்கும் பொது. ஒளிக்க வேண்டிய தேவையே இல்லை.

'ஜிங்கிள் பெல்ஸ்' பிள்ளைகள் கேட்பார்கள். ஜேம்ஸ் பியர்பான்ட், 1857. அப்போது அதன் பெயர் 'ஒன் ஹார்ஸ் ஓப்பன் ஸ்லே'. கிறிஸ்துமஸ் என்ற சொல்லே பாட்டில் இல்லை. மணி ஏன் என்று கேட்டால் பதில் எளிது: பனிமேல் வழுக்கி வரும் வண்டிக்குச் சத்தம் கிடையாது, எதிரே வருபவர் விலகக் குதிரைக்கு மணி கட்டினார்கள். ராத்திரியில் மாட்டு வண்டிக்குச் சலங்கை எதற்கு என்று தெரிந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இதைக் கீத ஆராதனையில் சேர்க்காமல் சண்டே ஸ்கூல் விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி நேரக் கணக்கு. ஒன்பது பைபிள் வாசகம், ஒன்பது பாட்டு என்ற முறை இங்கிலாந்தின் ட்ரூரோவில் 1880 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி தொடங்கியது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் 1918-ல் எடுத்துக்கொண்டது. அந்த முறையில் பாட்டுக்கு 4 நிமிடம் என்றால் 36, வாசகத்துக்கு 2 என்றால் 18. ஒன்பது கதைக்கும் ஒன்றரை நிமிடம் கொடுத்தால் இன்னொரு 13 நிமிடத்துக்கு மேல் ஏறும். ஜெபமும் காணிக்கையும் போதகரான ஐயரவாளின் செய்தியும் அதற்கு மேல். ஆகவே நான்கு பாட்டுக்கு மட்டும் கதை போதும். ஒவ்வொன்றும் 80 முதல் 100 சொல், தாளில் எழுதி வாசிக்க வேண்டும். மனப்பாடமாகச் சொன்னால் நீளும். வருஷம் ஒன்று, ஊர் ஒன்று, ஆள் இருவர், அதற்கு மேல் பெயர் வேண்டாம். கதை முடிந்ததும் பேசாமல், கீபோர்டு உடனே சுதி கொடுக்க வேண்டும். கதைக்கும் பாட்டுக்கும் நடுவில் அறிவிப்பு நுழைந்தால் சொன்னதெல்லாம் வீண்.

நான்கில் ஒன்றாவது, நம் ராகத்தில் அமைந்த கீர்த்தனையாக இருக்கட்டும். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்குப் பெரும் பங்களித்த வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போனவர். ஓபர்ண்டோர்ஃபைச் சொல்லும் மேடையில் இவர் பெயர் வராமல் போகக் கூடாது. பாமாலை முடிந்து கீர்த்தனைக்குப் போகும்போது டிரான்ஸ்போஸைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்துவிடாதீர்கள். மைனஸ் 2-லேயே இருந்தால் பல்லவி தாழ்ந்துபோய், பெண்கள் குரல் எழும்பாது.