வாசகர் கேள்வி: கடைசியில் எத்தனை பூஜ்ஜியம்?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கணிதப் போட்டியில், 1 முதல் 25 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் விடையின் இறுதியில் எத்தனை பூஜ்ஜியங்கள் வரும் என்று கேட்டார்கள். பெருக்கிப் பெருக்கிச் சோர்ந்துவிட்டாள். இதை எப்படி அணுகுவது?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பெருக்கவே வேண்டாம். இறுதியில் ஒரு பூஜ்ஜியம் வர ஒரு 10 வேண்டும். 10 என்பது 2-ஐயும் 5-ஐயும் பெருக்கியது. இரட்டைப்படை எண்கள் ஏராளமாக இருப்பதால் 2-க்குப் பஞ்சமில்லை. ஆகவே 5-களை மட்டும் எண்ணினால் போதும். 5, 10, 15, 20 ஆகியவை ஆளுக்கொரு 5 தருகின்றன. 25 என்பதோ 5 × 5 ஆதலால் இரண்டு தருகிறது. மொத்தம் 6 பூஜ்ஜியங்கள். அந்த 25-ஐ ஒருமுறை மட்டும் எண்ணிவிட்டு 5 என்று விடை எழுதும் பிள்ளைகளே அதிகம். கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

எண்களைக் காரணிகளாக உடைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். நம் ஈரோட்டில் 1887-இல் பிறந்த ராமானுஜன், காரணிகள் மிகுந்த எண்களைப் பற்றியே 1915-இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

முதலில் 1 முதல் 10 வரை மகளைக் கையால் பெருக்கச் சொல்லுங்கள். 36,28,800 வரும், இறுதியில் இரண்டு பூஜ்ஜியங்கள் இருப்பதை அவளே காண்பாள். பிறகு 50 வரை பெருக்காமல் கண்டுபிடிக்கட்டும். விடை 12. அது 10 ஆகாமல் 12 ஆனது ஏன் என்பதை அவள் வாயாலேயே விளக்கும்வரை அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள்.