சிறிய பட்டறையில் முதலில் எதற்குச் செலவு செய்வது, ஊழியர் சலுகைக்கா பாதுகாப்புக்கா?

இருபது பேரை வைத்து பிரஸ் ஷாப், அதாவது உலோகத் தகட்டை மெஷினில் அழுத்தி வடிவமைக்கும் பட்டறை, நடத்துவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க இப்போது வழியில்லை, அதனால் ‘விபத்து இல்லாத மாதத்துக்கு எல்லோருக்கும் போனஸ்’ என்று வைத்தால் இரண்டும் ஒன்றாக முடிந்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

நான் எட்டு வருடம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். எங்களிடமும் இதே போனஸ் இருந்தது. செக்‌ஷனில் ஒருவருக்கு அடிபட்டாலும் அந்த மாதம் யாருக்கும் கிடையாது. முதல் வருடம் விபத்துப் பதிவேடு காலியாகவே இருந்தது. எனக்கு அதில் பெருமைகூட உண்டு.

ஒரு மாதக் கடைசியில் பவர் பிரஸ்ஸில் ஒருவரின் கையுறை நுனி டைக்குள் (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மாட்டியது. விரல் மயிரிழையில் தப்பியது, நகம் மட்டும் போனது. ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் ஸ்ட்ரோக், அதாவது பிரஸ்ஸின் மேல்பாகம், இறங்க வேண்டும். அதில் ஒரு பொத்தானை அழுத்தியபடியே டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு கை சும்மா இருந்தால் பீஸ் வேகமாக வரும் அல்லவா. டேப்பைப் பிய்த்து எறிந்தேன், திட்டினேன். பதிவேட்டில் எழுத வேண்டும் என்றதும் அடிபட்டவரே கையெடுத்துக் கும்பிட்டார். “மாசம் முடிய ரெண்டு நாள்தான் இருக்கு. என்னால எல்லாருக்கும் போனஸ் போச்சுன்னா நாளைக்கு யார் முகத்துல முழிக்கிறது?” நான் எழுதவில்லை.

எழுதியிருந்தால் மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து பார்த்திருப்பார்கள். இரண்டு பொத்தானையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தி, ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டால்தான் மறுபடி இயங்கும் கன்ட்ரோல் கிடைக்கிறது. அது இருந்தால் டேப் சுற்றிப் பயனில்லை. பதினேழு நாள் கழித்து, அதே மெஷினில், நைட் ஷிப்டில் வேறொருவருக்கு இரண்டு விரல் போனது. மறுபடியும் டேப். அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்பதால் வந்திருந்தார்.

துண்டான விரலை யாரோ பதறிப்போய் நேராக ஐஸ் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பையில் போட்டு மூடி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விரலைச் சேர்க்க முடியவில்லை.

சரி, டேப் ஒட்டியது தொழிலாளிதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம். ஆனால் மணிக்கு ஒரு தடவை எத்தனை பீஸ் ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தவன் நான். முதலாளியும் கெட்டவர் இல்லை, ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவரே ஏற்றார். சின்ன முதலாளியின் கஷ்டம் தெரியாமல் பேசுகிறேன் என்றும் நினைக்காதீர்கள், மாதச் சம்பளம் போட அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். பிற்பாடு தெரிந்துகொண்டேன், அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2012லேயே இப்படிப்பட்ட பரிசுத் திட்டங்கள் காயத்தை மறைக்கத் தூண்டும் என்று எச்சரித்திருக்கிறது.

    

அப்புறம், உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் கணக்கில் முதல் செலவு மெஷினுக்கு: கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பு), கன்ட்ரோல், எமர்ஜென்சி ஸ்டாப். கையுறையும் ஷூவும் அதற்குப் பிறகுதான். டிரில், லேத் மாதிரி சுழலும் மெஷினில் கையுறையே ஆபத்து, கையை உள்ளே இழுத்துவிடும். அடுத்தது சம்பளத்தோடு நோய் விடுப்பு. இதைச் சலுகை என்று தனியாக எண்ணாதீர்கள், காய்ச்சலோடு பிரஸ் முன்னால் ஆள் நிற்காமல் இருப்பதற்கு அதுதான் வழி. விபத்துக் காப்பீடும் வேண்டும், சட்டப்படி கட்ட வேண்டியதைத் தள்ளிப் போட முடியாது. ஷூ காசைச் சம்பளத்தில் பிடிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பாதுகாப்புச் செலவு தொழிலாளி தலையில் விழக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கையே சொல்கிறது.

போனஸ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ‘இன்றைக்குத் தப்பித்தேன்’ என்று வந்து சொல்பவருக்குக் கொடுங்கள். நாளைக் காலை ஷிப்ட் தொடங்கும் முன் நீங்களே ஒவ்வொரு பிரஸ்ஸாகப் போய்ப் பொத்தான்களைத் தடவிப் பாருங்கள். டேப்பை எடுத்துவிட்டாலும் பிசின் கையில் ஒட்டும்.