உடைந்த ஃபினுக்கு என்ன கோணம்?

வணக்கம். அலைமேல் சறுக்கும் பழைய சர்ஃப்போர்டு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அடியில் மீன் துடுப்புபோல் நிற்கும் மூன்று ஃபின்களும் பலகையோடு சேர்த்து ஃபைபர் துணி போட்டு ஒட்டியவை. இடப்பக்க ஃபின் அடியோடு பெயர்ந்துவிட்டது. புதியதை எந்தக் கோணத்தில் வைப்பது? கேட்கும் இடத்தில் எல்லாம் வேறு வேறு எண் சொல்கிறார்கள்.
ம.

அன்புள்ள ம.,

உங்களுக்கு வேண்டிய எண் பலகையிலேயே இருக்கிறது. வலப்பக்க ஃபின் இன்னும் நிற்கிறதே, அதன் கோணம்தான்.

பக்க ஃபினுக்கு இரண்டு கோணங்கள். முன்முனை நடுக்கோட்டை நோக்கித் திரும்பியிருப்பது டோ-இன். நுனி வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது கேன்ட். பின்முனையைவிட முன்முனை கால் அங்குலம் உள்ளே இருப்பது பரவலாகச் சொல்லப்படும் டோ-இன் அளவு. ஃபினின் அடி நான்கரை அங்குலம் என்றால் அது 3 டிகிரிக்குச் சற்று மேல். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் 1980இல் ஒரே அளவிலான மூன்று ஃபின் கொண்ட பலகையை உருவாக்கி, 1981இல் பெல்ஸ் பீச், பைப்லைன் போட்டிகளில் வென்ற பிறகுதான் அது எங்கும் பரவியது. ஃபினைக் கையால் ஒட்டியவர்கள் தத்தம் அளவில்தான் ஒட்டினார்கள். பொது அளவை இடப்பக்கம் வைத்து, வலப்பக்கம் வேறாக இருந்தால், நேராகப் போகும்போதே பலகை ஒரு பக்கம் இழுக்கும். அந்த நான்கரை அங்குல நீளத்தில் ஒரு டிகிரி என்பது வெறும் 2 மில்லிமீட்டர்.

எனக்கு இது முதல் பழுதுபார்ப்பிலேயே நடந்தது. ஓரத்திலிருந்து அளந்து ஒட்டினேன். பலகையின் பின்பகுதியான வால் கையால் செதுக்கியது, இரண்டு பக்கமும் ஒரே அகலம் இல்லை. முழுவதையும் அரைத்தெடுத்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. அதனால் எப்போதும் நடுவில் ஓடும் மரப்பட்டையிலிருந்தே, அதாவது ஸ்ட்ரிங்கரிலிருந்தே அளந்துவிடுங்கள். வலது ஃபினின் முன்முனை, பின்முனை இரண்டும் அதிலிருந்து எவ்வளவு தூரம், வால் நுனியிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்து, அதையே இடப்பக்கம் போடுங்கள்.

ஒன்று முக்கியம். பெயர்ந்த இடத்தில் பழைய அடியின் தடம் இருக்கும். தேய்ப்பதற்கு முன் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குறிகளோடு அது பொருந்தினால் கவலை இல்லை. சற்று விலகினால் நான் வலது ஃபினையே நம்புவேன்; உடையும்போது தடத்தின் விளிம்பும் சேர்ந்து பிய்ந்திருக்கலாம்.

கேன்டுக்குக் கோணமானி வேண்டாம், ஓர் அட்டை போதும். பக்க ஃபினின் உட்புறம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். அட்டையின் ஒரு விளிம்பு பலகையின் அடிப்பரப்பிலும் மற்றொன்று அந்தத் தட்டைப் பரப்பிலும் படியும்படி வெட்டி, திருப்பிப் போட்டால் இடப்பக்கத்துக்கும் ஆயிற்று. வால்பக்கம் அடிப்பரப்பு வீ வடிவில் சரிந்திருந்தாலும் அட்டை அந்தச் சரிவோடு சேர்த்தே கோணத்தை எடுத்துவிடும். புது ஃபினை வாங்கினாலும் செய்தாலும் வளைந்த பக்கம் வெளியே வரும் இடது ஃபின்தானா என்று பாருங்கள்.

அப்புறம், பலகைக்குள் தண்ணீர் போயிருந்தால் நன்றாகக் காயட்டும். பலகையின் உள்ளே இருக்கும் நுரை பாலிஸ்டைரீன் என்றால், ஒட்டுவதற்கு எபாக்ஸி ரெசின் என்ற பிசின் மட்டுமே. பாலியெஸ்டர் ரெசின் அந்த நுரையைக் கரைத்துவிடும். முதலில் கொஞ்சம் ரெசினில் ஃபினை நிறுத்தி, நுனியிலிருந்து இரு பக்கமும் டேப்பை இழுத்து ஒட்டி, அட்டையை வைத்துப் பாருங்கள். இறுகிய பிறகு இன்னொரு முறை பார்த்துவிட்டு, அதன் மேல் துணி போடுங்கள்.