பெட்டிக்குள் ஸ்ப்ரே வெள்ளை பூக்கிறதா?
குன்னூர் நண்பருக்கு, 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) செய்யும் ஊட்டி ரயில் மாடலின் பெட்டிக்குள் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் வெள்ளை பூக்கிறது, எல்இடி போட்டால் சுவரே ஒளிர்கிறது என்கிறீர்கள். பெயின்ட்டில் கோளாறு இல்லை, நம்ம ஊர் மூடுபனிதான். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். ஜூலையில் வெயிலுக்கு எங்கே போக? தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டும் பிரஷ்ஷும்தான் கதி. பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, பெயின்ட் பிடிக்க பிரைமர் என்ற அடிப்பூச்சு கொடுத்துவிடுங்கள்.

சுவரின் உட்பக்கம் முதலில் கறுப்பு, காய்ந்ததும் மேலே க்ரீம். வெளிச்சம் கசியாது. சீட்டுக்கு மர நிறத்தைக் கொஞ்சம் வெளிறலாகவே கலக்குங்கள். அந்தச் சின்ன ஜன்னல் வழியாக எல்லாமே இருட்டாகத்தான் தெரியும். மேட் பெயின்ட் போதும், பளபளப்பு பொம்மை மாதிரி காட்டும்.

ஜன்னல் பிளாஸ்டிக்கை கடைசியில் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூ மட்டும் வேண்டாம், அதன் ஆவியும் வெள்ளையாகப் படியும்.