கார் இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகத் தாமதமா?

காலையில் உடனே பிடிக்கிறது, ஓட்டிவிட்டுச் சற்று நேரம் நிறுத்தினால்தான் இழுக்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் வேகமாகவே சுற்றுகிறது என்கிறீர்கள். அப்படியானால் பேட்டரியை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்பதால் என் முதல் சந்தேகம் எரிபொருள் அழுத்தம்தான்.

அடுத்த முறை சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, பின்சீட் பக்கம் எரிபொருள் பம்ப் ஓரிரு விநாடி முனகி அடங்கியதும் ஆஃப் செய்து, இதையே இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். சட்டென்று பிடித்தால் நிறுத்தியபின் அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். பம்பின் செக் வால்வோ (எரிபொருள் திரும்பி இறங்காமல் தடுப்பது), கசியும் இன்ஜெக்டரோ (இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுவது) காரணமாக இருக்கலாம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றினால்தான் பிடிக்கிறது, பெட்ரோல் வாடையும் வருகிறது என்றால் இன்ஜெக்டர் கசிவோ, இன்ஜின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் கோளாறோ காரணமாக இருக்கலாம். அப்புறம், சுற்றும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லையா? இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள், சூட்டில் அது அடிக்கடி மக்கர் பண்ணும்.