நர்ஸம்மாவிடம் கேளுங்கள்: 'வீட்டில் போய்ப் படித்துக்கொள்' பாடம்

(நீலகிரி மலைக் கிராமங்களில் 29 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். எட்டாம் வகுப்பில் 'வளரிளம் பருவமடைதல்' பாடம் வந்தாலே பெண்கள் குனிந்துகொள்கிறார்கள், பையன்கள் சிரிக்கிறார்கள். "இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். பொங்கல் லீவுக்குப் போன ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி திரும்பவே இல்லை. ஒரு பையனோடு குடும்பம் நடத்துகிறாளாம். நான் எங்கிருந்து தொடங்குவது?
- ஓர் ஆசிரியை, கூடலூர்

பதில்: டீச்சர், 'வீட்டில் போய்ப் படித்துக்கொள்' என்று அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகாமல் கடிதம் எழுதினீர்களே, அதுவே பாதி வேலை.

ஒரு கதை சொல்கிறேன். வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் கொடுப்பார்கள் இல்லையா? ஒரு விடுதியில் நான் கொடுத்துவிட்டு வந்த மாத்திரையெல்லாம் ஜன்னலுக்கு வெளியே உண்ணிச்செடிப் புதரில் கிடந்தது. விசாரித்தால், "அது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, சாப்பிட்டால் பிள்ளை பிறக்காது" என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சரி, நம்பட்டும் என்று எல்லோர் முன்னாலும் நானே ஒன்றை விழுங்கிக் காட்டினேன். முன் வரிசையில் இருந்த பெண் பளிச்சென்று சொன்னாள்: "உங்களுக்குத்தான் இனிமே பிள்ளை பிறக்கப்போறதில்லையே சிஸ்டர்!" அப்போது எனக்கு வயது 47. பதில் சொல்ல வாயில்லை.

அப்புறம் அவர்கள் ஊரில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டார். ரத்தசோகையில் வெளுத்துப்போன பிள்ளைத்தாய்ச்சிகள் பிரசவத்தில் ரத்தம் போய்ச் செத்ததை நான் படித்து அறிந்தேன், அவர் கையால் அறிந்திருந்தார். அடுத்த வாரம் பாட்டியே விடுதிக்கு வந்து அவர்கள் பாஷையில் பேசினார். பாதி எனக்குப் புரியவில்லை, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு புதரில் மாத்திரை கிடக்கவில்லை.

அதனால் முதலில் ஊரில் ஒரு பாட்டியைப் பிடியுங்கள். புத்தகத்தில் 'மாதவிடாய்' என்று இருக்கிறது. என் வீட்டிலேயே யாரும் அப்படிச் சொன்னதில்லை, 'தூரம்' என்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழே இரண்டாவது மொழி. அவர்கள் வீட்டில் என்ன சொல்கிறார்களோ அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கிக் கரும்பலகையில் எழுதுங்கள். நான் பார்த்தவரை காட்டோரத்து ஊர்களில் இந்தப் பேச்சுக்கு நம் அளவு கூச்சம் கிடையாது. விடுதிக்கு வந்த பிறகுதான் பிள்ளைகள் குனியக் கற்றுக்கொள்கிறார்கள்.

பையன்களை வெளியே அனுப்பிவிட்டுப் பாடம் நடத்தாதீர்கள். பெயர் எழுதாத சீட்டுப் போட ஒரு டப்பா வையுங்கள். தூக்கத்தில் விந்து வெளியேறினால் நரம்பு தளர்ந்துவிடுமா என்று குறைந்தது பத்துச் சீட்டாவது வரும். தளராது, அது இயல்பு என்று நீங்கள் சொல்லாவிட்டால், பஸ் ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் ஒட்டும் லாட்ஜ் வைத்தியர் சொல்லிக் கொடுப்பார், காசும் வாங்கிக்கொள்வார். ஆணுறை எதற்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். 18 வயதுக்குள் சேர்ந்து வாழ்வது 'எங்கள் வழக்கம்' என்றாலும், அவளே விரும்பிப் போனாள் என்றாலும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ன் போக்சோ சட்டம் ஏற்காது. பக்கத்து வயநாட்டில் பணியர் பழங்குடி இளைஞர்கள் இப்படித்தான் சிறைக்குப் போனார்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற கல்யாண வயதும் மலைக்கு வேறு கிடையாது. விஷயம் தெரிந்தவர் தெரிவித்தாக வேண்டும், எனவே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள். சொன்னதோடு விட்டுவிடாமல் ஊர் நர்ஸைக் கூட்டிக்கொண்டு போய் அவளைப் பாருங்கள். போலீஸ் பயத்தில் கர்ப்பத்தை ஏழு மாதம் வரை மறைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தியை நானே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். "இந்த வயசுலயா?" என்று வரிசை முழுக்கக் கேட்கக் கத்தினார்கள். அடுத்த பரிசோதனைக்கு அவள் வரவே இல்லை.

18 வயதுக்குக் குறைந்தவர்கள் கருவைக் கலைக்க 24 வாரம் வரை சட்டத்தில் இடமுண்டு. பெற்றோர் அல்லது பாதுகாவலர் எழுதித் தர வேண்டும். மருத்துவர் போலீஸுக்குத் தகவல் தந்தாலும், பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயர், அடையாளம் சொல்லத் தேவையில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வகுப்பில் மிரட்டலாக இல்லாமல், எந்தக் கதவைத் தட்டலாம் என்று காட்டுவதற்காக இதையெல்லாம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 23, இருளர். ரத்தப் பரிசோதனையில் அரிவாள் செல் 'கேரியர்' என்று வந்தது. நான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணும் கேரியர். நாங்கள் கல்யாணம் செய்யலாமா? இது எங்கள் குலத்துக்கு வந்த சாபம் என்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: சாபமெல்லாம் இல்லை தம்பி. அரிவாள் செல் என்பது ரத்தச் சிவப்பணு அரிவாள் போல் வளைந்துபோகும் பரம்பரை நோய். அதற்கான மரபணு அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால் நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் 'கேரியர்'. மலேரியா மண்டிய காடுகளில் அப்படி ஒரு மரபணுவை மட்டும் சுமந்தவர்கள் அந்தக் காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்தார்கள், அதனால்தான் அது நிலைத்தது. இந்தியாவில் இதை முதலில் கண்டதே 1952-ல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

நீங்கள் இருவரும் நோயாளிகள் இல்லை. ஆனால் உங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, உங்களைப் போல் கேரியராக நான்கில் இரண்டு, எதுவுமில்லாமல் பிறக்க நான்கில் ஒன்று. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும்" என்று நினைத்த ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். அப்படி இல்லை, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் சீட்டைப் புதிதாகக் குலுக்குகிறார்கள்.

கட்டிக்கொள்வதும் வேண்டாமென்பதும் உங்கள் இருவர் முடிவு. கட்டிக்கொண்டால், கர்ப்பம் தெரிந்ததும் உடனே போங்கள். பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே கருவுக்கு நோய் இருக்கிறதா என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் பார்க்க முடியும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: நோயே உள்ள பிள்ளைகள், முக்கியமாக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள், நான் மேலே சொன்ன நீல மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: வயசுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஒரு மாசம் வருகிறது, ஒரு மாசம் வருவதில்லை. எனக்கு வியாதியா?
- ஒரு மாணவி, பந்தலூர்

பதில்: இல்லை கண்ணு. முதல் ஒன்றிரண்டு வருடம் இப்படித் தள்ளித் தள்ளித்தான் வரும். காலண்டரில் தேதியைச் சுழித்து வை. மூன்று மாதம் வராமலே போனாலோ, ஏழு நாளுக்கு மேல் நீண்டாலோ, மணிக்கு ஒரு பஞ்சு நனைந்தாலோ ஊர் நர்ஸிடம் அந்தக் காலண்டரைக் கொண்டுபோய்க் காட்டு.