எல்லைப் பாலத்தில் எத்தனை நிமிடம்? கேள்வி-பதில்

கனடா–அமெரிக்க எல்லையில் உள்ள பீஸ் பிரிட்ஜில் புளூடூத் வைத்துக் காத்திருப்பு நேரம் அளக்கிறார்களாமே, என் போனில் உள்ளதை எடுத்துவிடுவார்களா? (ஸ்கார்பரோ வாசகர்)

மாட்டார்கள். போனோ கார் ஸ்டீரியோவோ வெளியே விடும் அடையாள எண் ஒன்றைத்தான் ரீடர் என்ற சாலையோரக் கருவி பிடிக்கிறது. அதே எண் பாலத்தின் அடுத்த ரீடரில் எப்போது தெரிகிறது என்று பார்த்துக் கழிக்கிறார்கள். உங்கள் பெயர், படம், பேச்சு எதுவும் அதில் இல்லை.

எல்லா வண்டியிலும் புளூடூத் இருக்காதே?

தேவையில்லை. பத்து வண்டிக்கு ஒன்று சிக்கினாலே பகலில் நல்ல கணக்கு வரும். ஒரு சோறு பதம் போதாது, ஒரு கைப்பிடி வேண்டும். நள்ளிரவில் வண்டி குறைந்தால் அந்தக் கைப்பிடியும் கிடைக்காது. அப்போது வரும் எண்ணை நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஆப்பில் 20 நிமிடம் என்று போட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். இதெல்லாம் ஏமாற்று வேலைதானே?

எந்தப் பாலம், என்ன கிழமை, எந்த லேன்? ஒன்றையும் எழுதாமல் ஏமாற்று என்று முடிவு கட்டினால் எப்படி? இனி எழுதும்போது இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த 20 நிமிடம் உங்களுடையது அல்ல, எல்லைச் சோதனைச் சாவடியை இப்போதுதான் எட்டிய வண்டியுடையது. 4 மணிக்குச் சாவடிக்கு வந்த கார் 3.40க்கு வரிசையில் சேர்ந்தது. அதற்குப் பிறகு பின்னால் வந்து சேர்ந்த கூட்டம் அந்த எண்ணில் இல்லவே இல்லை. வரிசை வளரும்போது நேரம் காட்டும் போர்டு குறைத்துச் சொல்லும், கரையும்போது கூட்டிச் சொல்லும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பல வருடமாகச் சொல்லி வருகிறேன்: எங்கிருந்து எங்கே வரை அளந்தார்கள் என்று போர்டில் எழுதுவதில்லை. அமெரிக்கச் சுங்கத் துறையின் கணக்கு, வரிசையின் வாலில் சேர்ந்ததிலிருந்து முதல் சாவடியை எட்டும் வரை. சாவடியில் பேசும் நேரமோ, ஓரமாக நிறுத்திச் சோதிக்கும் நேரமோ அதில் சேராது. ஆனால் வால் முதல் ரீடரையும் தாண்டிப் பின்னால் நீண்டுவிட்டால், ரீடருக்கு அந்த வால் இருப்பதே தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒரு ரீடர் கம்பத்தடியில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றேன். போர்டில் 25 நிமிடம். கம்பத்துக்குப் பின்னால் அரை கிலோமீட்டர் வரிசை. ஊர்ந்து வந்த ஒரு காரில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். ஏற்கெனவே அரை மணி நேரம் நின்றாயிற்று என்றார், கம்பத்தை இன்னும் தொடவில்லை. அவருடைய அரை மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ரீடரை இன்னும் பின்னால் தள்ளி வைப்பது அப்படியொன்றும் பெரிய செலவில்லை. அதைச் செய்யாமல் புது ஆப் வெளியிடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

முன்கூட்டியே சோதிக்கப்பட்ட பயணிகளுக்குக் கொடுக்கும் நெக்ஸஸ் அட்டை இருக்கிறது. எந்த எண்ணைப் பார்ப்பது?

நெக்ஸஸ் லேனுக்குத் தனியாகப் போட்டிருப்பதை.

சாலைக்கடியில் லூப் (வண்டியை உணரும் கம்பிச்சுருள்) பதித்து, நுழைவதையும் வெளியேறுவதையும் எண்ணினால் போதாதா? (பொறியியல் மாணவி)

நல்ல கேள்வி. பிரிட்டிஷ் கொலம்பியா–வாஷிங்டன் எல்லையில் பீஸ் ஆர்ச், பசிபிக் ஹைவே இரண்டிலும் லூப்தான் வேலை செய்கிறது. நூற்றுக்கு ஒரு வண்டியை லூப் தவறவிட்டாலும் பிழை சேர்ந்துகொண்டே போகும், அடிக்கடி சரி பார்க்க வேண்டும். அப்புறம், புளூடூத்தில் டூட்டி ஃப்ரீ கடைக்குள் ஒரு மணி நேரம் சுற்றியவர் சராசரியைக் கெடுத்துவிடுவார். அதனால் சராசரி வேண்டாம், இடைநிலை அளவை, அதாவது நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை எடுங்கள்.

சிங்கப்பூர்–மலேசியா எல்லையின் வுட்லண்ட்ஸ் கேமரா படத்தில் வரிசை சின்னதாக இருந்தது. ஆனாலும் தாமதம். ஏன்? (ஜொகூர் பாரு)

படம் நீளத்தைக் காட்டும், நேரத்தைக் காட்டாது. அதே நீளத்துக்குப் பத்து சாவடி திறந்திருந்தால் ஒரு நேரம், ஐந்து திறந்திருந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2024 மார்ச்சில் வந்த, பாஸ்போர்ட்டுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டும் முறை காருக்குச் சில நொடிகள் மிச்சப்படுத்துகிறது, சாவடி மூடியிருந்தால் அதுவும் உதவாது. தவிர, பாலத்தின் இரு முனையிலும் சோதனை உண்டு. நீங்கள் பார்த்த படம் எந்த முனையுடையது?